‘காந்தாரா’ படத்தின் முடிவு சரியா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

2022ஆம் ஆண்டு வெளிவந்த ‘காந்தாரா’ என்னும் கன்னடப் படத்தைத் தோழியரில் பலர் தமிழிலும் பார்த்திருப்பீர்கள். ரிஷப் ஷெட்டி இயக்கி, சிவா என்னும் முரட்டுக் கிராமத்து இளைஞனாக நடித்து, சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் பெற்றார். கடலோரக் கர்நாடகத்தில், காட்டை ஒட்டிய ஊரில், 1990இல் நடக்கும் கதை. ஊராரின் நிலத்தை நயவஞ்சகமாகத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும் பண்ணையாரைச் சிவா எதிர்க்கிறான். அடிபட்டு வீழ்ந்தவன்மேல் குளிகா என்னும் தெய்வம் இறங்க, எழுந்து பகைவரை அழிக்கிறான். எல்லாரும் புகழ்வது அந்தச் சண்டையைத்தான்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த காட்சி. பூத கோலாவில் ஆடும் சிவா, வாய் திறந்து ஒன்றும் பேசாமல், வன அதிகாரி முரளியின் கையையும் ஊராரின் கைகளையும் சேர்த்துத் தன் மார்போடு அணைத்துக்கொள்கிறான். படம் முழுவதும் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்! காட்டில் வாழ்வோருக்கு நில உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006இல்தான் வந்தது. 1990இல் அந்த ஏழைகளுக்குக் காட்டுவதற்குச் சட்டம் ஏது? தெய்வம்தான் வந்து கை சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. இதுவரை எனக்குச் சம்மதமே.

ஆனால் அதன்பின் சிவா காட்டுக்குள் ஓடி மறைந்துவிடுகிறானே, அதுதான் எனக்குச் சம்மதமில்லை. 1970இல் அவன் தந்தையும் இப்படித்தான் மறைந்தார். அவருக்காவது காரணம் இருந்தது. பேசியது தெய்வமா மனிதனா என்ற கேள்விக்கு அவர் விடை காட்ட வேண்டியிருந்தது. மகனிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. தெய்வக் கதையில் இப்படிக் கணக்குப் பார்க்கலாமா என்று என் அண்ணன் கேட்கிறான். பார்க்கலாம் என்பதே என் கருத்து. கணவன் மறைந்தபின் பிள்ளையைத் தனியே வளர்த்து, அவன் கெட்ட கனவு கண்டு அலறி எழுவதையும் கண்டவள் தாய் கமலா. அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியாதா?

லீலாவை நினைத்தால் இன்னும் வருத்தம். அவ்வூரிலேயே பிறந்து, வனக்காவலர் வேலைக்குத் தேர்வான பெண் அவள். தன் ஊருக்கே வேலி போடும் வேலையில் நிற்க நேர்ந்து ஏச்சும் கேட்டாள். அரசாங்கத்தின் பேச்சும் ஊரின் பேச்சும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சிவா போனபின் சேர்ந்த கைகள் பிரியாமல் பார்த்துக்கொள்ள அவளைவிடத் தகுந்தவர் யார்? இயக்குநருக்கு இது தோன்றவில்லை போலும். முடிவில் அவளும் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிடுகிறாள்.

பெயர்கள் ஓடும்போது சிவாவின் மகன் வந்து, தந்தை எங்கே போனார் என்று கேட்கிறான். அதைக்கூட அவன் லீலாவிடம் கேட்கவில்லை, சுந்தரனிடம் கேட்கிறான்.