ஆயிலில் எதிர்பாராத வரவு

சேலையூரில் கடல் கிடையாது. ஏரி உண்டு. அதில் படகு விட்டு யாரும் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட ஊர்க்காரன் ஒருவன் காசிமேட்டுக்குப் போய், விசைப்படகு என்ஜின் ஆயிலில் தண்ணி எப்படி வந்தது என்று துப்பறிந்தான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். பரவாயில்லை, என் மனைவி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

எல்லாம் 2015 டிசம்பர் வெள்ளத்தின் கைங்கரியம். முடிச்சூரில் அத்தை வீட்டு மொட்டை மாடியில் நான், அத்தை, அத்தையின் தையல் மெஷின் மூவரும் நின்றிருந்தபோது, மச்சானுடைய ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தெருவழியே ஓட்டி எங்களை இறக்கியவர் காசிமேட்டு அண்ணன் ஒருவர். தையல் மெஷினையும் சேர்த்துத்தான். (தண்ணீர் வடிந்ததும் என் பைக்கைத் தேடிப் பிடித்து முதல் வேலையாகக் கிக்கரை உதைத்தேன். முழுகின வண்டியில் செய்யவே கூடாத முதல் வேலை அதுதானாம். மெக்கானிக் பில்லோடு சேர்த்துச் சொன்னார். உள்ளேயிருந்து ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது.)

அந்த அண்ணன் போன ஜூன் மாதம் போன் செய்தார்.

"தம்பி, நீ பி.காம்.தானே? ஒரு எஸ்டிமேட் குட்த்துகிறானுங்க. வந்து பார்த்துச் சொல்லு."

தாம்பரத்தில் மின்சார ரயில், பீச் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ. எஸ்டிமேட்டைப் பார்த்தேன். என்ஜின் ஃபுல் ஓவராலிங், மூன்று லட்சத்துச் சொச்சம். காரணம் ஒரே வரி: 'ஆயிலில் தண்ணீர்'.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். (2017-க்கு முன்னால் 45 நாள்தான்.) வருஷத்து ரிப்பேர் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். தடை முடிந்து போகிற முதல் பயணத்தைத்தான் எல்லோரும் நம்பியிருப்பார்கள். கையில் இருந்தது 12 நாள். என்ஜினை மொத்தமாகப் பிரித்தால் ஒரு மாசம். அண்ணனின் கழுத்தில் கடன், அண்ணியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். சங்கிலி ஏற்கெனவே பாங்கில்.

அண்ணன் டிப் ஸ்டிக்கை உருவிக் காட்டினார். அதே பால் டீ! அளவுக் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே. ஊற்றாத ஆயில் எப்படிக் கூடும்? எங்கள் பாஷையில் இது வவுச்சர் இல்லாத வரவு. ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறைந்திருக்க வேண்டும். இரட்டைப் பதிவு முறை கடலுக்கும் பொருந்தும் என்ற தைரியத்தில் கேட்டேன்:

"அண்ணே, வேற எங்கயாவது ஏதாவது குறைஞ்சுதா?"

படகில் வேலை பார்க்கும் பையன் தலையைச் சொறிந்தான். "கூலன்ட் டேங்க்ல தண்ணி கொறையும் சார். அப்பப்ப ஊத்துவேன்."

"எவ்வளவு நாளா?"

"பொங்கலுக்கு அப்பால இருந்து."

எஸ்டிமேட் போட்டவர்கள் இந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் மாற்றினால் எது கெட்டது என்று தேடவேண்டியதில்லையே! ஆடிட்டர்களில்கூட இந்த வகை உண்டு.

என் புலமை அத்தோடு தீர்ந்தது. மேற்கொண்டு பார்த்தவர், ரிட்டயரான ஒரு பழைய மெக்கானிக் பெரியவர். என்ஜினை ராத்திரி முழுக்க அசையாமல் விட்டு, காலையில் அடியிலிருக்கும் ட்ரெயின் நட்டை மெள்ளத் தளர்த்தினார். தண்ணீர் ஆயிலைவிடக் கனம்; அதனால் அதுதான் முதலில் வந்தது. வெளிர் பச்சை. கொஞ்சம் தகரத்தில் விட்டுச் சுண்டக் காய்ச்சினார். உப்புப் படியவில்லை.

"கடல் தண்ணி இல்ல தம்பி. உள்ள சுத்துற தண்ணி."

இந்த மாதிரி என்ஜினில் தண்ணீருக்கு இரண்டு பாதை. என்ஜினுக்குள் சுற்றுவது கூலன்ட். அதைக் குளிரவைத்துவிட்டு வெளியே போவது கடல் தண்ணீர். உப்பு வந்திருந்தால் கடல் தண்ணீர் பம்ப்பின் சீல், புகைபோக்கி வழியாக ஏறிய தண்ணீர் என்று வேறு ஆட்களைப் பிடித்து விசாரிக்க வேண்டும். பேரிங்கையும் துரு அரித்திருக்கும்.

பாக்கி சந்தேகக் கேஸ்கள் மூன்று: ஹெட் கேஸ்கட், லைனருக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம், ஆயில் கூலர். பெரியவர் நாசில்களைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுற்றினார். ஒரு சிலிண்டரிலிருந்தும் தண்ணீர் பீச்சவில்லை. ஹெட்டுக்கு ஜாமீன். அடுத்து கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து விரலை விட்டார். விரலில் ஆயில் பிசுக்கு.

"ஆயில்ல தண்ணி, தண்ணியில ஆயில். கூலர்தான்."

எனக்குக் குழப்பம். ஓட்டை ஒன்று, போக்குவரத்து மட்டும் எப்படி இருவழி?

"ஓடும்போது ஆயில் பிரஷர் மூணு கிலோ, நாலு கிலோ. தண்ணிக்கு ஒரு கிலோ வந்தாப் பெருசு. அப்ப ஆயில் தண்ணிக்குள்ள போகும். ஆஃப் பண்ணினா ஆயில் பிரஷர் ஜீரோ. மேல இருக்கிற தண்ணி கீழ இறங்கும். ரெண்டு மாசமா சும்மாதானே நின்னுச்சு?"

ஆபீஸ் நேரத்தில் அங்கிருந்து இங்கே, லீவு நாளில் இங்கிருந்து அங்கே. எங்கள் பழைய கம்பெனி கேஷியர் ஞாபகம் வந்தது.

கூலரைக் கழற்றி ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் காற்றடித்து, மீன் அள்ளும் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் விட்டு முக்கினார். சைக்கிள் கடையில் ட்யூப் பஞ்சர் பார்ப்பதைப் போலத்தான். எல்லோரும் குனிந்து பார்த்தோம். அண்ணன் மூச்சே விடவில்லை. கூலர் விட்டது. ஓரத்துக் குழாய் ஒன்றிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி.

புதுக் கூலருக்கு ஆன செலவு அந்த எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதோடு விட்டாரா பெரியவர்? ஒரு பேரிங் மூடியைக் கழற்றிப் பார்த்தார், தேயவில்லை. மலிவான ஆயில் ஊற்றிப் பத்து நிமிஷம் ஓட்டி வடித்தார். திரும்ப ஊற்றி, திரும்ப வடித்தார். மூன்றாவது தடவை ஒரு சொட்டைச் சுடுகிற தகரத்தில் விட்டார். தண்ணீர் மிச்சமிருந்தால் சடசடவென்று பொரியுமாம். சத்தம் வரவில்லை. பிறகுதான் புது ஃபில்டரும் நல்ல ஆயிலும். (இதை வீட்டுத் தோசைக்கல்லில் செய்துபார்க்க நினைப்பவர்கள் முதலில் வேறு வீடு பார்த்துக்கொள்ளவும்.)

ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் படகு கிளம்பிவிட்டது. அப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் தகவலே இல்லை. நடுக்கடலில் என்ஜின் நின்றால், சொன்னவன் என்ற முறையில் என்னையும் அல்லவா தேடுவார்கள்? ராத்திரி இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தேன். அதுகூடப் பச்சையாகத் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் விடியற்காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம். அண்ணன் அனுப்பியது. மீன் இல்லை, ஆள் இல்லை. டிப் ஸ்டிக் மட்டும். சரியான கோட்டில், கன்னங்கரேலென்று, டீசல் என்ஜின் ஆயில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

மனைவியை எழுப்பிக் காட்டினேன். அரைக் கண்ணால் பார்த்தாள்.

"இவ்ளோ அழுக்கா இருக்கு. இதுக்கா இந்த நேரத்துல பல்லைக் காட்டறீங்க?"