கையெழுத்துப் போடாதது யார்?



"வீட்டிலிருந்தபடி நாலு காசு சம்பாதிக்க வேண்டுமென்றால் அப்பளம், ஊறுகாய், தையல், இதைத் தவிர உங்களுக்கு வேறொன்றும் தெரியாதா அக்கா?" என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறாள். கேட்ட விதத்தில் கொஞ்சம் காரம் தூக்கல்தான்! ஆனாலும் கேள்வி நியாயமானது. அதனால் இந்தத் தடவை சமையலறையை விட்டு வெளியே வருகிறேன். ரொம்ப தூரம் போகவில்லை, எங்கள் தெருமுனை வரைக்கும்தான்.

முனை வீட்டு அம்மாளைத் தெருவே பெரியம்மா என்றுதான் கூப்பிடும். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. என்ன தொழில் என்கிறீர்களா? வீடு, மனை வாங்க, விற்க, வாடகைக்கு விட ஏற்பாடு செய்து கொடுப்பது. நம் பாஷையில் சொன்னால் வீட்டுப் புரோக்கர். முகத்தைச் சுளிக்காதீர்கள். நானும் முதலில் சுளித்தவள்தான்.

பெரியம்மாவுக்கு முப்பத்து நாலு வயதில் கணவர் தவறிவிட்டார். இரண்டு குழந்தைகள். கைத்தொழில் ஒன்றும் கிடையாது. தெருவில் காலியாகிற வீடுகளுக்கு வாடகைக்கு ஆள் பார்த்துக் கொடுத்து, அதில் கிடைத்த சொற்பக் கமிஷனில்தான் அடுப்பு எரிந்தது.

"வீட்டைப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம்மா" என்பார். "ஆம்பளைங்க வந்ததும் எத்தனை சதுர அடின்னு கேப்பாங்க. நாம நேரா பின்கட்டுக்குப் போவோம். குழாயைத் திறந்து தண்ணி ஒரு வாய் குடிச்சுப் பார்ப்போம், உப்பா நல்ல தண்ணியான்னு. அடுப்பு மேடைக்கு வெளிச்சம் வருதா, துணி காயப்போட இடம் இருக்கா, மாடிப்படியில குழந்தை உருண்டா பிடிச்சு நிறுத்தக் கம்பி இருக்கா. இதெல்லாம் நமக்குக் கண்ணுலயே இருக்கு."

இத்தனை தெரிந்தும் தொழிலில் முதல் பத்து வருஷம் அவரால் வாடகை வீட்டைத் தாண்ட முடியவில்லை. காரணம் என்ன தெரியுமா? டீக்கடை பெஞ்சு! எந்த வீடு விலைக்கு வருகிறது, எந்த மனையில் வழக்கு இருக்கிறது, யார் அவசரமாகப் பணம் தேடுகிறார்கள் என்ற சேதியெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த பெஞ்சில்தான் பரிமாறப்படும். புதிதாக வருகிற பையனும் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து, கேட்டுக் கேட்டே தொழிலைப் பிடித்துக்கொள்வான். ஒரு பொம்பளை அங்கே போய் உட்கார முடியுமா? அந்த நேரத்தில் நமக்கு விளக்கேற்றி, குழந்தைக்குச் சாதம் ஊட்ட வேண்டாமா?

பெரியம்மா ஒரு காரியம் செய்தார். சொந்தமாக ஒரு பெஞ்சு ஏற்பாடு செய்துகொண்டார். அவர் வீட்டுத் திண்ணைதான் அது. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, பாத்திரம் தேய்த்து முடித்த பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். எல்.ஐ.சி. பாலிசி பிடிக்கிறவள் ஒருத்தி, தையல்காரி ஒருத்தி, பிரசவத்துக்காக வேலையை விட்டவள் ஒருத்தி. பழைய பத்திரங்களின் நகல்களை விரித்து வைத்துக்கொண்டு பெரியம்மா படிக்கச் சொல்லித்தருவார். மறுநாள் வீடு காட்டப் போகும்போது, யாராவது ஒருத்தியைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார்.

அறுபதாயிரம் ரூபாய்

பிரசவத்துக்காக வேலையை விட்டவள் என்றேனே, அவள் எங்கள் பக்கத்து வீட்டு மருமகள். எட்டு மாதம் திண்ணையில் உட்கார்ந்த பிறகு, அவளாகவே பிடித்த முதல் வீடு ஒன்று விலைக்கு வந்தது. அறுபது லட்சம். நூற்றுக்கு ஒன்று என்று பேசியிருந்ததால் அவளுக்குக் கமிஷன் அறுபதாயிரம். பெரிய குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டிய சமயம் வேறு. பெண்ணுக்குக் கால் தரையில் பாவவில்லை!

வாங்க வந்தவர்கள் இளம் தம்பதி. அந்தப் பெண் தன் நகைகளை அடகு வைத்து அட்வான்சுக்குப் பணம் திரட்டியிருந்தாள். விற்பவர்கள் அண்ணன், தம்பி, அவர்களுடைய அம்மா. வீட்டைக் கட்டிய அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. வரி ரசீதும் சரியாக இருந்தது. சனிக்கிழமை திண்ணைக்குக் காகிதக் கட்டோடு வந்தாள்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் புரட்டினார். "வாரிசுச் சான்று எங்க கண்ணு?"

எடுத்துக் கொடுத்தாள். தாசில்தார் கொடுத்த அந்தச் சான்றில் நாலு பெயர்கள்.

"கையெழுத்துப் போட வரப்போறது எத்தனை பேரு?"

"மூணு பேர் பெரியம்மா. நாலாவது அவங்க தங்கச்சி. கோயம்புத்தூர்ல கட்டிக் கொடுத்திருக்காங்க. முப்பது பவுன் போட்டு, சீர் செனத்தி எல்லாம் குறைவில்லாம செஞ்சாச்சாம். அவங்களுக்கு இதுல ஒண்ணும் இல்லைன்னு பெரியவர் சொல்றார்."

"அவர் சொல்றார். அந்தப் பொண்ணு என்ன சொல்றா?"

இவள் பதில் சொல்லவில்லை. பெரியம்மாவும், இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லவில்லை. "ரெண்டு பேரா மாறி உட்கார்ந்து யோசி கண்ணு. வாங்கப்போறவ உன் கூடப்பிறந்தவளா இருந்தா என்ன சொல்லுவே? அந்த நாலாவது பேரு உன் பேரா இருந்தா என்ன சொல்லுவே?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே கொஞ்சம் சட்டம் பேச வேண்டும், கொட்டாவி விடாமல் கேளுங்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், மனைவிக்கும் ஒவ்வொரு மகனுக்கும் ஒவ்வொரு மகளுக்கும் சம பங்கு. அவருடைய தாயார் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. கல்யாணத்தில் எத்தனை பவுன் போட்டார்கள், எத்தனை சீர் செய்தார்கள் என்று சட்டம் கேட்பதே இல்லை. மகள் தன் பங்கு வேண்டாம் என்றால், அவளே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும்.

பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருத்தி மகளுக்கு உரிமை கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005-ல் நாடு முழுவதற்கும் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவர்கள், முஸ்லிம்களுக்குச் சட்டமும் பங்குக் கணக்கும் வேறு. ஆனால் அங்கேயும் மகளை அடியோடு ஒதுக்கவில்லை.

சரி, வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்ததே என்கிறீர்களா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வில்லங்கச் சான்றில் வரும். தகப்பனார் இறந்ததும் மகளுக்குத் தானாக வந்து சேர்கிற உரிமை அதில் எப்படித் தெரியும்? ஐந்து வருஷம் கழித்து அந்தத் தங்கை பாகம் கேட்டு வழக்குப் போட்டால், நகையை அடகு வைத்து வீடு வாங்கியவள் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதுதான்.

என்ன நடந்தது?

அன்று ராத்திரி அந்தப் பெண் தூங்கவில்லை. புருஷன், "நமக்கெதுக்கு ஊர் வம்பு? வாங்குறவங்களுக்கு வக்கீல் இல்லையா?" என்றாராம். விடிந்ததும் அவள் போய், வாங்குகிற தம்பதியிடம் வாரிசுச் சான்றைக் காட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர்கள் அட்வான்ஸ் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார்கள்.

அண்ணன்காரர் தெருவில் வந்து நின்று கத்தினார். "பொம்பளைகளை நம்பித் தொழிலைக் கொடுத்தா இப்படித்தான்!" பெரியம்மா வாசலில் வந்து நின்று, "நான்தான் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். கேக்கிறதை என்கிட்ட கேளுங்க" என்றார். அந்தக் குடும்பத்தின் உறவுக்காரர்கள் இரண்டு வீடுகளைப் பெரியம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். அந்த வாரமே சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு அந்த வீட்டுக்கு வேறு ஒரு புரோக்கர் வேறு ஆளைக் கூட்டி வந்தார். அவர் கடனுக்குப் போன பாங்கியின் வக்கீலும் அதே கேள்வியைக் கேட்டு பைலைத் திருப்பிவிட்டார்! கடைசியில் அண்ணன்காரர் கோயம்புத்தூருக்கு ரயிலேறிப் போய், தங்கையின் பங்குப் பணத்தைப் பேசி முடித்து, அவளையும் கையெழுத்துக்கு அழைத்து வந்தார். வீடு விற்றது. கமிஷன் அந்தப் புரோக்கருக்குப் போயிற்று. நம் பெண்ணுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. பள்ளிக்கூடப் பணத்துக்கு ஒரு ஜதை வளையல் போயிற்று. அதை மறைக்க மாட்டேன்.

நாலு மாதம் கழித்து, வீட்டை வாங்காமல் போன அதே தம்பதி அவளைத் தேடி வந்தார்கள். "எங்களுக்கு நீங்கதான் வீடு பார்க்கணும்" என்றார்கள். இப்போது அவளும் சனிக்கிழமை திண்ணையில் புதிதாக வந்த ஒருத்திக்குப் புலப்படம் படிக்கச் சொல்லித்தருகிறாள்.

லண்டனில் ஒரு பெரியம்மா

இதைப் பார்க்கும்போது எனக்கு ஆக்டேவியா ஹில் என்ற அம்மையாரின் ஞாபகம் வரும். 1865-ல் லண்டனில் மேரிலபோன் பகுதியில், ஏழைகள் குடியிருந்த மூன்று சிறிய வீடுகளை ஜான் ரஸ்கின் என்ற எழுத்தாளர் விலைக்கு வாங்கி, நிர்வாகத்தை இவரிடம் கொடுத்தார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வருமானம் வர வேண்டும் என்பது பேச்சு. ஆக்டேவியா வாராவாரம் தானே போய் வாடகை வாங்கினார். பாக்கி வைப்பவர்களிடம் கண்டிப்புதான். ஆனால் வாடகையிலிருந்து ரிப்பேருக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, அதில் மிச்சமானதை எதற்குச் செலவழிப்பது என்று குடியிருப்பவர்களையே சொல்ல வைத்தார். 1874-க்குள் அவர் பொறுப்பில் 15 இடங்களில் சுமார் 3,000 பேர் குடியிருந்தார்கள்.

ஒருத்தியால் இத்தனை வீட்டுக்குப் போக முடியுமா? பெண்களைச் சேர்த்துப் பழக்கினார். வாடகைக் கணக்கு எழுதுவது, ஒழுகும் கூரையைப் பார்ப்பது, குடியிருப்பவரோடு பேசுவது எல்லாம் கூடவே போய்க் கற்றுக்கொண்டதுதான். 1912-ல் அவர் காலமானார். அவரிடம் பழகிய பெண்கள் 1916-ல் வீட்டுச் சொத்து நிர்வகிக்கும் பெண்களுக்கென்று சங்கமே தொடங்கினார்கள். நம் நாட்டிலும் இப்போது கட்டுமானத் தொழில் சங்கங்களான கிரெடாய், நரெட்கோ இரண்டிலும் பெண்கள் பிரிவு இருக்கிறது. பெரிய இடங்களில் அது. நமக்குத் திண்ணை போதும்.

தொடங்க நினைக்கும் தங்கைகளுக்கு

பெரியம்மாவிடம் கேட்டு எழுதி வந்தவை:

1. முதல் ஆறு மாதம் சம்பாதிக்க நினைக்காதே. அனுபவமுள்ள ஒருவர் பின்னால் போ. தனியாக ஆளுக்கு வீடு காட்டப் போகாதே. துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொள், எங்கே போகிறாய் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ.

2. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், வரி ரசீது, யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். இத்தனையும் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் பேச்சு. பார்த்த பிறகும் ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்.

3. 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, எட்டுக்கு மேற்பட்ட பிளாட்டுகள் என்றால் பதிவு செய்திருக்க வேண்டும். அதை விற்றுக்கொடுக்கிற ஏஜெண்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாமல் விற்றால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் நூற்றுக்கு ஐந்து வரை அபராதம் உண்டு.

4. அப்படிப்பட்ட திட்டத்தில், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கட்டுமானக்காரர் வாங்கக்கூடாது. வாங்குபவரிடம் இதை நீயே எடுத்துச் சொல்.

5. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம் மிச்சம். சிறிய மனை வாங்க வருகிறவர்களிடம் மறக்காமல் சொல்.

தொழில் செய்யப் போகாத சகோதரிகளுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக் கடை முடிந்ததும், பீரோவில் இருக்கிற உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து ஒரு தரம் முழுசாகப் படியுங்கள். யார் பெயரில் இருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், போட வேண்டியவர் யாராவது விட்டுப் போயிருக்கிறாரா என்று பாருங்கள். புரியாத வார்த்தை இருந்தால் எனக்கு எழுதுங்கள். பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.