இசை வளர்த்த பெரியோர்: நான்கு சுரங்களில் ஒரு நாடு

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், நாம் குடியேறி வாழும் பெருநகரங்களின் கடைவீதிகளிலும் மாதா கோயில்களிலும் மணியோசை போன்றதோர் இன்னிசை எழுவதை நேயர்கள் கேட்டிருக்கக்கூடும். ‘கரோல் ஆஃப் த பெல்ஸ்’ என வழங்கும் அப்பாடல் ஆங்கிலேயருடையதும் அன்று, அமெரிக்கருடையதும் அன்று. அதன் தாயகம் உக்ரேன். அதற்கு அவ்வுருவம் அளித்தவர் மிகோலா லியொந்தோவிச் என்னும் பள்ளி ஆசிரியர்.

1877-ஆம் ஆண்டு பொடோலியா பகுதியில் ஒரு பாதிரியாரின் மைந்தராகப் பிறந்த இவர், சமயக் கல்வி பயின்றும் குருத்துவத்தை நாடாது ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1904-இல் ஹ்ரிஷினே ரயில் நிலையத்துப் பள்ளிக்குச் சென்றவர், அங்கிருந்த ரயில்வே தொழிலாளரைத் திரட்டிச் சேர்ந்திசைக் குழு அமைத்து, அதனைத் தாமே நடத்தினார். பின்னர் துல்ச்சின் நகரில் மாணவியருக்கு இசை கற்பித்தார். நாட்டுப்புறப் பாடல்களை வாத்தியத் துணையின்றி, பல குரல்கள் இழையுமாறு அமைப்பதே இவருடைய தனித்திறன்.

அவற்றுள் தலையாயது ‘ஷ்செட்ரிக்’. தகைவிலான் குருவி ஒன்று இல்லம் தேடிவந்து, மந்தை பெருகிற்று என்று நற்செய்தி கூறும் புத்தாண்டுப் பாட்டு அது. வசந்தத்தில் ஆண்டு பிறந்த பழங்காலத்தின் எச்சம். நான்கே சுரங்கள் கொண்ட ஒரு சிறு பிடி திரும்பத் திரும்ப ஒலிக்க, ஏனைய குரல்கள் அதனைச் சூழ்ந்து எழுந்து அடங்குகின்றன. பலமுறை திருத்தப்பெற்ற இப்பாடலை 1916-இல் கீவ் நகரில் ஒலெக்சாந்தர் கோஷெட்ஸின் குழு அரங்கேற்றியது.

1919-இல் உக்ரேனியக் குடியரசு, தன் பெயரை உலகறியச் செய்யக் கோஷெட்ஸின் தலைமையில் ஒரு பாடகர் குழுவை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. குழு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருக்கையிலேயே குடியரசு வீழ்ந்தது. 1921 ஜனவரி 23 அன்று, பெற்றோர் இல்லத்தில் தங்கியிருந்த லியொந்தோவிச், இரவு தங்க இடம் கேட்டு வந்த சோவியத் இரகசியப் போலீஸ் ஆள் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 43. கொன்றவன் யார் என்பது 1990-களிலேயே வெளியாயிற்று.

1922 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் ‘ஷ்செட்ரிக்’ ஒலித்தபோது ஆசிரியரும் இல்லை. அனுப்பிய அரசும் இல்லை. 1936-இல் பீட்டர் வில்ஹவ்ஸ்கி ஆங்கிலச் சொற்களை இயற்றினார். குருவி மறைந்தது, மணிகள் வந்தன. கோஷெட்ஸ் தாயகம் திரும்பாமலே 1944-இல் கனடாவில் காலமானார்.

பிறந்த மண்ணை விட்டு வந்தோர் எதனை எடுத்துச் செல்லக்கூடும்? அக்குழுவினர் பாட்டை எடுத்துச் சென்றனர், அது நிலைத்தது. ஆயினும் சொல் மாறியதும் குருவியை உலகம் மறந்தது. நம் பாட்டிமார் பாடிய தாலாட்டை அதன் சொற்களோடு நம் குழந்தைகள் அறிவார்களா என்பதை அன்பர்கள் இன்றிரவே கேட்டுப் பார்ப்பார்களாக.