பதினொரு எழுத்தும் எங்கட சோம்பலும்

“கலைப்பீடக்காரருக்கு உதெல்லாம் எதுக்கு?” ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாய் ரெஜெக்ஸ், படிக்கிறம் எண்டு சொன்ன நாளில் இருந்து இதைக் கேட்டு அலுத்துப்போனம். கேட்கிறது கணினிப் பொடியள் மட்டும் இல்லை, எங்கட வகுப்புக்காரரும்தான்.

பழைய தமிழ்த் தளங்களில் கிடக்கிற கூத்துக் காணொளிகளின்ர இணைப்புகளைப் பட்டியலாக்க வெளிக்கிட்டம். யூரியூப் முகவரி எப்படி இருக்கும் எண்டு எழுதிக் குடுத்தால், பக்கத்தின் எச்ரிஎம்எல் மூலத்தில் அதைப்போல உள்ளதையெல்லாம் ரெஜெக்ஸ் பொறுக்கித் தரும். முதல்தரம் ஒண்டுமே வரேல்லை. ‘வாட்ச்’சுக்குப் பிறகு வாற கேள்விக்குறிக்கு ரெஜெக்ஸில் வேற அர்த்தம்: முன்னுள்ள எழுத்து இருந்தாலும் சரி, இல்லாட்டிலும் சரி. அதுக்கு முன்னால் பின்சாய்கோடு போட மறந்திட்டம். திருத்தினதும் கொஞ்சம் வந்தது. “முடிஞ்சுது” எண்டு எழும்பிட்டம்.

முடியேல்லை. சுருக்க முகவரி வேறு. ஐஃப்ரேமுக்குள் வரும் ‘எம்பெட்’ வேறு. பிளாஷ் காலத்துப் பக்கங்களில் ‘வி’ என்ற ஒற்றை எழுத்தோடு வாறது வேறு. 2020 முடிவோடு பிளாஷை அடோபி கைவிட்டது. அந்தப் பக்கங்களில் இப்ப வெறும் பெட்டிதான் தெரியும். ஆனால் காணொளியின்ர 11 எழுத்து அடையாளம் மூலத்துக்குள் இன்னும் கிடக்கு. நாங்கள் தவறவிட்டது ஆகப் பழைய பதிவுகளைத்தான்!

எது ஆவணம் எண்டு முடிவெடுக்கிறது அந்த ஒற்றை வரி. அதை எழுதுறவருக்கு அந்தப் பக்கங்களின் காலமும் தெரியவேணும். இது கலைப்பீடத்து வேலை இல்லையெண்டால் வேறென்ன? மொழி இலக்கணங்களை 1956இல் அடுக்காக வகுத்தவர் நோம் சொம்ஸ்கி என்ற மொழியியலாளர். ரெஜெக்ஸ் அந்த அடுக்கில் கீழ்ப்படி. அதனாலதான் பெட்டிக்குள் பெட்டியாய் வாற எச்ரிஎம்எல்லை முழுசாய்ப் பிரிக்க அதால ஏலாது. அதுக்குப் பார்சர் இருக்கு. பார்சரால் பிரிச்செடுத்து, முகவரியில் மட்டும் ரெஜெக்ஸை வையுங்கோ. எல்லாத்துக்கும் ரெஜெக்ஸ் எண்டு நிக்கிற கணினிப் பொடியளுக்கும் இதைத்தான் சொல்லுறம்.

1981இல் எரிஞ்ச நூலகத்துக்காக வருஷாவருஷம் எழுதுறம். எழுதத்தான் வேணும். ஆனால் இந்தத் தளங்கள் ஒவ்வொண்டாய் மூடுப்படேக்க, பட்டியலில் இல்லாத இணைப்பும் சேர்ந்து போகும். நெருப்பு வைக்க ஆரும் வரத் தேவையில்லை. “உது எங்கட பாடமில்லை” எண்டு நாங்கள் சும்மா இருந்தாலே போதும்.