கைச்சாத்திடாத உடன்படிக்கையும் கைச்சாத்திட்ட புரிந்துணர்வும்

இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியின் இலங்கை விஜயத்தின்போது, 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இரு நாடுகளுக்கும் இடையில் ஏழு ஆவணங்கள் கைச்சாத்தாகின. மின்சார வலையமைப்பு இணைப்பு, ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்துக்கொண்டு திருகோணமலையை எரிசக்தி மையமாக்குதல் என்று நீண்ட அந்தப் பட்டியலில் ஒன்று மாத்திரமே அரசியல் சூட்டைக் கிளப்பியது. அதுதான் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை. ஐந்து வருடங்களுக்குச் செல்லுபடியாகும் என்று கூறப்பட்ட அதன் வாசகங்கள் கைச்சாத்திடப்பட்ட வேளையில் பகிரங்கப்படுத்தப்படவில்லை. அதற்கு முன்னர் பாராளுமன்றத்தில் அது விவாதிக்கப்படவும் இல்லை.

பயிற்சி, கூட்டு ஒத்திகை, கடற்படைக் கப்பல்களின் விஜயம் என்று ஏற்கெனவே நடைபெற்றுவருபவற்றை ஒரு குடையின் கீழ் கொண்டுவருவதே இதன் நோக்கம் என்று இரு தரப்பினரும் விளக்கமளித்தனர். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியை எழுப்புவதற்கு எதிரணி அரசியல்வாதியாக இருக்கவேண்டிய அவசியமில்லை.

இதைக் கைச்சாத்திட்ட அரசாங்கத்தின் தலைவர் அநுர குமார திசாநாயக்க என்பதில் உள்ள முரண்நகையைப் பலரும் சுட்டிக்காட்டினர். ஜனதா விமுக்தி பெரமுனவின் தாபகர் ரோஹண விஜேவீர தனது உறுப்பினர்களுக்குப் போதித்த ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. 1987 உடன்படிக்கையை எதிர்த்து அந்த இயக்கம் நடத்திய கிளர்ச்சியிலும் அதை அடக்குவதற்கு அரசாங்கம் மேற்கொண்ட வேட்டையிலும் மாண்ட சிங்கள இளைஞர்களின் தொகை பல்லாயிரம். கட்சிகள் மாறுவதை நான் குறை கூறவில்லை. மாறியதை அவை தங்களது மக்களுக்கு உரத்துச் சொல்லத் தயங்குவதுதான் பிரச்சினை.

இந்தத் தயக்கம் இலங்கைக்குப் புதியதல்ல. சுதந்திரத்துக்கு முன்பாகவே, 1947 நவம்பரில் பிரிட்டனுடன் டி.எஸ். சேனநாயக்க செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் திருகோணமலையும் கட்டுநாயக்கவும் பிரிட்டிஷ் படைத்தளங்களாகத் தொடர்ந்தன. ஒரு நாட்டின் சுதந்திரம் மெய்யானதா என்று கேட்பதற்கு அது போதுமானதாக இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கை அங்கத்துவம் பெறுவதை 1948இல் சோவியத் யூனியன் வீட்டோ செய்தபோது அந்தக் கேள்வியும் எழுந்தது. 1955 வரை நாம் வாசலில் காத்திருந்தோம். 1957இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தளங்களைத் திருப்பிப் பெற்றார்.

1987 ஜூலை 29ஆம் திகதி பற்றித் தமிழ் வாசகர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஊரடங்குக்கு மத்தியில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் கைச்சாத்திட்டனர். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கிப் பிடியால் ராஜீவைத் தாக்கினார். ஆனால், பலரும் மறந்துவிடுகின்ற ஒரு விடயத்தை நினைவூட்ட விரும்புகிறேன். இந்தியாவின் பாதுகாப்பு அக்கறைகள் அந்த உடன்படிக்கையின் பிரதான வாசகத்தில் இருக்கவில்லை. இணைப்பாகப் பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களிலேயே இருந்தன. திருகோணமலையையோ வேறெந்தத் துறைமுகத்தையோ இந்தியாவின் நலன்களுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டினதும் இராணுவப் பாவனைக்கு வழங்குவதில்லை என்பதும் எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைப்பது என்பதும் அங்கேதான் எழுதப்பட்டன. தமிழர்களின் பெயரில் உடன்படிக்கை. புதுடில்லியின் தேவை கடிதத்தில். தமிழர்களைப் பொறுத்தவரை நடைமுறைப்படுத்தப்படாத பகுதி எதுவென்பதை வடக்கு, கிழக்கில் எவரிடமும் கேட்கலாம்.

எனினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது 1987 அல்ல. ஒருபோதும் கைச்சாத்தாகாத இன்னொரு உடன்படிக்கையே.

2003 ஒக்டோபரில் அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க புதுடில்லி சென்றிருந்தபோது, பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொள்வதற்கான பேச்சுகளை ஆரம்பிப்பது என்று அறிவிக்கப்பட்டது. யுத்தநிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம் அது. அந்தச் செய்திக்குத் தலைப்பு வைப்பதில் நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் நீண்ட வாக்குவாதம் மூண்டது. 'பாதுகாப்பு ஒத்துழைப்பு' என்று போட்டால் அரசாங்கத்தின் குரலாகிவிடும். 'இராணுவ ஒப்பந்தம்' என்று போட்டால் மறுநாள் காலை யாழ்ப்பாணத்தில் பதற்றம் கூடும். இறுதியில் முன்னையதே அச்சேறியது. வாசகர்களோ பின்னையதாகவே அதை வாசித்தனர் என்பதை அடுத்த நாள் வந்த தொலைபேசி அழைப்புகள் உணர்த்தின.

2004 மே மாதத்தில் இந்தியாவில் ஆட்சி மாறியது. மன்மோகன் சிங்கின் அரசாங்கம் தி.மு.க., பா.ம.க., ம.தி.மு.க. போன்ற தமிழகக் கட்சிகளின் ஆதரவில் தங்கியிருந்தது. உடன்படிக்கையை வைகோ மிகக் கடுமையாக எதிர்த்தார். விடுதலைப் புலிகளோ, யுத்தநிறுத்த காலத்தின் படைவலுச் சமநிலையை அது குலைத்துவிடும் என்று கருதினர். பலாலி விமான ஓடுபாதையைப் புனரமைப்பதில் இந்தியா பங்கெடுக்கும் என்ற செய்தி அந்த ஐயத்தை மேலும் வளர்த்தது. கொழும்பு பலமுறை வற்புறுத்தியும் புதுடில்லி காலத்தைக் கடத்தியது. உடன்படிக்கை கைவிடப்பட்டதாக எவரும் அறிவிக்கவில்லை. அது பேச்சிலிருந்து மெதுவாக மறைந்துபோனது.

அன்று என்னைப் போன்ற பலர் அதை ஒரு வெற்றியாகவே கருதினோம். தமிழகத்தின் குரல் புதுடில்லியின் பேனாவைத் தடுத்து நிறுத்திவிட்டது என்று எழுதினோம். அந்த மதிப்பீடு தவறானது என்பதை இன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏனென்றால், உடன்படிக்கை நின்றதே தவிர ஒத்துழைப்பு நிற்கவில்லை. ரேடார்கள் வந்தன, பயிற்சிகள் தொடர்ந்தன, கடற்படைகளுக்கு இடையில் தகவல் பரிமாற்றம் நடைபெற்றது. தாக்குதலுக்குரிய ஆயுதங்களைத் தாங்கள் வழங்குவதில்லை என்பது புதுடில்லியின் பகிரங்க நிலைப்பாடு. 2007 மே மாத இறுதியில் சென்னைக்கு வந்து கருணாநிதியைச் சந்தித்த தேசிய பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், இலங்கை ஆயுதங்களுக்காகச் சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ போகக்கூடாது என்று செய்தியாளர்களிடம் கூறியபோது, அந்த நிலைப்பாட்டின் மறுபக்கம் சற்றே தெரிந்தது. 2008 செப்டெம்பர் 9ஆம் திகதி வவுனியா படைத் தலைமையகத்தைப் புலிகள் தாக்கியபோது இந்தியத் தொழில்நுட்பவியலாளர்கள் இருவர் காயமடைந்தனர். அவர்கள் அங்கே ரேடாருடன் பணியில் இருந்தார்கள் என்பதைச் சாதாரண தமிழ் மக்கள் அன்றுதான் அறிந்தனர்.

கைச்சாத்தான ஓர் உடன்படிக்கை இருந்திருந்தால் இந்திய மக்களவையில் அதன் பிரிவைக் காட்டிக் கேள்வி எழுப்பியிருக்கலாம். வன்னியில் இறுதி மாதங்களில் நடந்தவற்றுக்குப் பின்னராவது, எந்தப் பிரிவின் கீழ் எது வழங்கப்பட்டது என்று கேட்டிருக்கலாம். எழுத்தில் இல்லாத ஒன்றுக்கு எவரும் பொறுப்புக்கூற வேண்டியதில்லை. தமிழக அரசியல் தலைவர்களுக்கும் அது வசதியாகவே இருந்தது. உடன்படிக்கையைத் தடுத்தோம் என்று மேடையில் சொல்லிக்கொண்டே அதே கூட்டணியில் நீடிக்க அவர்களால் முடிந்தது. போர் முடிந்த பின்னரும் இந்தப் பாசாங்கு தொடர்ந்தது. 2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேருக்குத் தாம்பரத்தில் பயிற்சி அளிக்கப்படுவதற்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, அவர்கள் பெங்களூருக்கு அருகே யெலஹங்காவுக்கு அனுப்பப்பட்டனர். பயிற்சி நிறுத்தப்படவில்லை. தமிழகத்தின் எல்லையைத் தாண்டியது, அவ்வளவுதான்.

தெற்கிலும் கதை வேறல்ல. அமெரிக்காவுடன் 2007 மார்ச்சில் செய்துகொள்ளப்பட்ட ஆயுதப் படைகளுக்கிடையிலான பரஸ்பர வழங்கல் உடன்படிக்கை 2017இல் புதுப்பிக்கப்பட்டது. 2007இல் இலங்கையின் சார்பில் கைச்சாத்திட்டவர் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ச. பின்னர் அமெரிக்கப் படையினரின் அந்தஸ்துத் தொடர்பான வரைபு பத்திரிகைகளில் கசிந்ததும், நாட்டுக்குப் பாதகமான எந்த உடன்படிக்கையையும் அனுமதிக்கப்போவதில்லை என்று 2019 ஜூலையில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவிக்க நேர்ந்தது. அவரது சொந்த அரசாங்கமே அந்தப் பேச்சுகளை நடத்திக்கொண்டிருந்தது.

இரகசியம் பேச்சுவார்த்தையாளர்களுக்குத் தேவை என்ற வாதத்தை நான் முற்றாக நிராகரிக்கவில்லை. 2022இல் அம்பாந்தோட்டைக்கு வந்த சீனக் கப்பலான யுவான் வாங் 5 விவகாரத்தில் கொழும்பு பட்ட அவஸ்தையைப் பார்த்தவர்கள், அயலவருக்கு எழுத்தில் ஓர் உத்தரவாதம் வழங்குவதில் உள்ள நியாயத்தை மறுக்கமாட்டார்கள். ஆனால், பேரம் பேசும்போது கதவை மூடிவைப்பது வேறு, கைச்சாத்திட்ட பின்னரும் கதவைத் திறக்காமலிருப்பது வேறு.

கொழும்பில் இந்த ஆவணம் கைச்சாத்தான அதே தினம் இலங்கைத் தமிழ்க் கட்சிகளின் தலைவர்கள் மோடியைச் சந்தித்தனர். வழமைபோல 13ஆவது திருத்தமும் மாகாணசபைத் தேர்தலும் பேசப்பட்டன. அதற்கு மூன்று தினங்கள் முன்னதாகத் தமிழக சட்டசபை கச்சதீவை மீட்குமாறு தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் பாதுகாப்பு உடன்படிக்கை பற்றி, 2004இல் எழுந்த இரைச்சலில் பத்தில் ஒரு பங்கைக்கூட இரு கரைகளிலும் நான் கேட்கவில்லை. எதிர்த்திருக்க வேண்டும் என்பதல்ல எனது கருத்து. கேட்டிருக்க வேண்டும். பாக்கு நீரிணையில் இரு நாட்டுக் கடற்படைகளும் கூட்டாகச் செயற்படுவதென்றால் மன்னாரிலும் பருத்தித்துறையிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு அதன் அர்த்தம் என்ன? 1990இலிருந்து வலிகாமம் வடக்கில் காணிகளை இழந்து நிற்பவர்களுக்கு, பலாலியைச் சுற்றி இனி என்ன வரப்போகிறது என்பதை அறிய உரிமை இல்லையா?

ஐந்து வருட காலம் 2030 ஏப்ரலில் முடிவடையும். நீடிப்புப் பற்றிய பேச்சுகள் அதற்கு முன்னரே தொடங்கிவிடும். ஆவணத்தின் முழு வாசகத்தையும் மூன்று மொழிகளிலும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்குமாறு கோருவதற்கு வடக்கு, கிழக்கு உறுப்பினர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.