குழந்தைக்கும் நாக்கு உண்டு

கைக்குழந்தைக்கு நாக்கு எதற்காக இருக்கிறது? அழுவதற்கும், சொட்டு மருந்து விழுங்குவதற்கும் மட்டுந்தான் என்று நம் வீடுகளில் ஒரு கட்சி பலமாகச் சாதித்து வருகிறது. இந்தக் கட்சியின் சட்டப்படி, பால்குடி மறக்காத பிள்ளைக்கு ஜீரகம் கூடாது, பூண்டு கூடாது, பெருங்காயமா, சிவ சிவா! மூன்று வயது வரையில் வெள்ளை வெளேரென்று ஒரு கூழ். மூன்று வயது முடிந்த மறுநாள் காலையில் அதே குழந்தை சாம்பார் சாதத்தைச் சப்புக் கொட்டிச் சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பிடாவிட்டால், "எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்கிறது, டாக்டர்!" என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது.

இத்தனை நாளும் அதன் வாயில் நீங்கள் எதை வைத்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கட்சிக்காரர்கள் காரத்தையும் மணத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். மிளகாயின் எரிச்சல் ருசியே அல்ல, அது வலி. வெந்நீர் பட்டால் எந்த நரம்பு 'சுட்டது' என்று கூவுகிறதோ, அதே நரம்பைத்தான் மிளகாயும் தட்டி எழுப்புகிறது. 1997-ல் இந்த ரகசியத்தைத் துலக்கிய டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆகவே பச்சைப் பிள்ளைக்கு மிளகாய் வேண்டாம் என்றால் நான் இரண்டு கையையும் தூக்குகிறேன். ஆனால் ஜீரகம் என்ன பாவம் செய்தது? தனியா யாரைச் சுட்டது? மிளகாய், போர்ச்சுகீசியரோடு கப்பலேறி நம் கரைக்கு வந்து ஏறக்குறைய ஐந்நூறு வருஷந்தான் ஆகிறது. சங்க நூல்களில் 'கறி' என்றால் மிளகு. மிளகாய் வருவதற்கு முன்பும் இந்த நாட்டில் பிள்ளைகள் பிறந்து, சோறு தின்று, வளர்ந்துதான் இருந்தார்கள். அவர்களுடைய தாய்மார்கள் டப்பா வாங்கியதாக எந்த ஏட்டிலும் நான் படித்ததில்லை.

"புது ருசி குழந்தையைத் திடுக்கிட வைக்குமே!" என்கிறார்கள். புதிதா? அமெரிக்காவில் ஜூலி மெனெல்லா என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாவும் 1991-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். பூண்டுச் சத்து மாத்திரையை விழுங்கிய தாய்மாரின் பாலில் பூண்டு வாசனை ஏறியது. குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டனவா? இல்லை, வழக்கத்தைவிட அதிக நேரம் மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தன! கர்ப்பத்திலோ, பால் கொடுக்கும்போதோ தாய் காரட் சாறு குடித்திருந்தால், குழந்தை பிற்பாடு காரட் மணமுள்ள உணவை விருப்பத்தோடு ஏற்றது என்று 2001-ல் இன்னொன்று. நம் ஊர்க் குழந்தையோ, பிரசவித்த தாய் பத்தியமாகத் தின்ற பூண்டுக் குழம்பைப் பால் வழியே ருசி பார்த்த குழந்தை. அதற்குப் பூண்டு புதிதல்ல. டப்பாக் கூழ்தான் புதிது.

இதில் எனக்குக் கோபம் வருவதற்கு வேறு காரணம் இருக்கிறது. எங்கள் தெரு முனையில் துணிக்கு இஸ்திரி போடும் பெண் ஒருத்தி. பெட்டியில் கரி போட்டு, நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை. அவளுடைய ஏழு மாதப் பிள்ளைக்கு விலையுயர்ந்த டப்பா வாங்குகிறாள். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக்கூடாதே என்று தண்ணீரை அதிகமாக விட்டுக் கரைக்கிறாள். அவள் வீட்டு அடுப்பில் பருப்பும் முருங்கைக் கீரையும் வெந்துகொண்டிருக்கின்றன. "அதை மசித்துக் கொடேன், அம்மா!" என்றேன். "படிச்சவங்க வீட்டுல டப்பாதானேங்க ஐயா குடுக்கறாங்க? பருப்புல ஜீரகம், பூண்டெல்லாம் போட்டிருக்கு, பிள்ளைக்கு ஆகாதாம்" என்றாள். படித்தவர்களாகிய நாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் பாடம் இது. தன் கை மணத்தையே விஷம் என்று நினைக்கும்படி ஒரு தாயைச் செய்துவிட்டோம்.

அந்தக் கூழின் யோக்கியதைதான் என்ன? ஹென்றி நெஸ்லே என்பவர் 1867-ல் ஸ்விட்ஜர்லாந்தில் பால் மாவைத் தயாரித்தது, தாய்ப்பால் கிடைக்காத சிசுக்களுக்காக. நம் தேசத்தில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் டப்பா உணவை விளம்பரம் செய்வது குற்றம். 1992-ல் வந்த சட்டத்தை 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். 2024-ல் 'பப்ளிக் ஐ' என்ற ஸ்விஸ் அமைப்பு, இந்தியாவில் விற்கும் செரிலாக் வகைகளில் ஒரு வேளைக்குச் சராசரி 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை சேர்த்திருப்பதாக அறிக்கை விட்டது. எல்லாம் விதிகளுக்கு உட்பட்டதுதான் என்று கம்பெனி பதில் சொல்லிற்று. ஜீரகத்தைக் கண்டு நடுங்குகிற கட்சி சர்க்கரையைக் கண்டு நடுங்கவில்லை! கிரைப் வாட்டரையும் கேளுங்கள். 1851-ல் இங்கிலாந்தில் பிறந்த அந்த மருந்தின் ஆதாரச் சரக்கே சதகுப்பை. சோம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரி. சீட்டு ஒட்டிய பாட்டிலில் வந்தால் அது மருந்து. அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் மசாலா!

பாட்டிகள் கட்சிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பிறந்த பிள்ளைக்கு வசம்பு உரைத்துப் புகட்டுவதை விட்டொழிக்க வேண்டும்; அதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் இருந்தால் என்ன? 1968-ல் அமெரிக்க அரசாங்கம் அதை உணவில் சேர்க்கக் கூடாதென்று தடுத்துவிட்டது. ஒரு வயதுக்குள் தேன் நக்கக் கொடுப்பதும் ஆபத்து. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம். அதற்குப் பிறகும் பருப்புத் தண்ணீரை மேலாக வடித்துக் கொடுத்துவிட்டு, அடியில் நின்ற பருப்பைப் பெரியவர்கள் தின்பது என்ன நியாயம்? சத்து அடியில் அல்லவா கிடக்கிறது!

சோறும் பருப்பும் குழைய வெந்ததும், உப்பும் மிளகாயும் போடுவதற்கு முன்பே குழந்தையின் பங்கைத் தனியே எடுத்துவிடுங்கள். நெய்யில் ஜீரகத்தைப் பொரித்து, பொடித்து, ஒரு சிட்டிகை. வேக வைத்த பூண்டு ஒரு பல், நன்றாக மசித்து. கறிவேப்பிலை மணம் இறங்கட்டும், இலை வேண்டாம், தொண்டையில் ஒட்டும். மிளகு சற்றுப் பொறுக்கலாம். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும். மஞ்சளைக் கொம்பாக வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது. நிறம் தூக்கலாகத் தெரிய ஈயக் கலவையைச் சேர்க்கிறார்கள் என்பது வங்காள தேசத்து மஞ்சளை ஆராய்ந்தபோது 2019-ல் அம்பலமாயிற்று. ஈயம் குழந்தையின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும்.

முதல் நாள் குழந்தை முகத்தைச் சுளிக்கும். அதைப் பார்த்ததும், "பார்த்தீர்களா, பிடிக்கவில்லை!" என்று ஒரு குரல் கூடத்திலிருந்து வரும். சுளிப்பது வெறுப்பல்ல, விசாரணை. துப்பினால் வாயைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு வாய் கொடுங்கள். எட்டுப் பத்துத் தடவை ஆனாலும் ஆகும். மூக்கைப் பிடித்து மட்டும் ஊட்ட வேண்டாம்.