செத்த ஆட்டின் சுவரொட்டி வேண்டாம்

கேள்வி: திடீரென இறந்த ஆட்டை அறுத்துச் சுவரொட்டியை மட்டும் சமைக்கலாமா? ரத்தம் ஊறும் என்கிறார்களே?
– வாசகர், புவனகிரி

பதில்: கூடவே கூடாது. சுவரொட்டி என்பது மண்ணீரல். ரத்தச் சிவப்பணுக்களைச் சேமித்து வைக்கும் உறுப்பு அது. ஆடு மிரண்டு ஓடும்போது சுருங்கி, அந்த அணுக்களை ரத்தத்தில் கலக்கும். இரும்புச்சத்தும் அதில் அதிகம். நல்ல ஆட்டின் சுவரொட்டியை நன்கு வேகவைத்துச் சாப்பிடலாம்.

அடைப்பான் நோய் கண்டாலோ அதே மண்ணீரலில் கிருமி பெருகி, வீங்கிக் கறுத்துவிடும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் கசியலாம். வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். உடலைக் கீறினால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். மனிதருக்கும் தொற்றும்.

தோலை உரிக்காமல் 1962-ஐ அழைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அடைப்பான் என்றால் வெள்ளாறு, வாய்க்கால் கரையை விட்டு விலகி, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள்.